டீக்கடைக்குள் ஒரு கோட்டை

பழைய கோட்டைகளின் தரவுத்தளத்தைப் பராமரிப்பது என் வேலை. கணினி வரைபடத்தில் கோட்டைக்கு ஒரு புள்ளி. அதில் ஒரு புள்ளியை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

கொல்லிமலையில், வளப்பூர் நாடு என்ற ஊருக்கு மேலே, கரடு என்று சொல்லும் ஒரு பாறைக்குன்றின் உச்சியில் கோட்டைச் சுவர் இருந்தது. சாந்து பூசாமல் இடுப்பளவுக்கு அடுக்கிய கல். எங்கள் அலுவலகத்திலிருந்து அளக்கப் போனவர்கள் நன்றாகத்தான் அளந்தார்கள், படமும் எடுத்தார்கள். ஆனால் உச்சியில் சிக்னல் கிடையாது. சிக்னல் இல்லாமல் எங்கள் செயலி எதையும் சேமிக்காது. ஆகவே பஸ் நிறுத்தத்துக்கு இறங்கிவந்து, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, வடையை மென்றுகொண்டே பொத்தானை அமுக்கினார்கள். அமுக்கிய இடத்தையே கோட்டையின் இடமென்று செயலி எழுதிக்கொண்டது.

படத்தில் சுவருக்குப் பின்னால் வெறும் வானம். வரைபடத்தில் அதே சுவர் கடைத்தெருவில். சந்தேகப்பட்டு நானே பஸ் ஏறிப் போனேன். என் போனில் புள்ளியைப் பார்த்த கடைக்கார அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏனுங்க, என்ற கடைக்குள்ளயா கோட்டை? அப்ப நானு ராணிங்களா? ராணி ஊட்டுல ரெண்டு நாளாத் தண்ணி வரலீங்க, அதையும் எழுதிக்கோங்க!"

கரட்டில் ஏறிச் சரியான இடத்தைக் குறித்துவந்து, திருத்த அனுமதி கேட்டேன். எங்கள் அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சரிபார்த்தாச்சுன்னு மேல அனுப்பியாச்சு. இப்பத் தொட்டா யார் தப்புன்னு கேப்பாங்க. விட்டுடுங்க."

எழுதியும் கேட்டேன். கிணற்றில் போட்ட கல்தான்.

மழை ஓய்ந்ததும், ரோட்டோரத் தடுப்புச் சுவருக்கு அந்தக் கரட்டில் கல் எடுக்கலாமா என்று கேட்டு சாலைத் துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதிகாரி வரைபடத்தைத் திறந்தார். கரட்டின் மேல் புள்ளி இல்லை. "அங்கேதான் சார் சுவர்!" என்று பக்கத்தில் நின்று கத்தினேன். "பதிவுல இல்லையே" என்று அனுமதியில் கையெழுத்துப் போட்டார். அந்தப் பேனாவைப் பிடுங்கி எறியத் தோன்றியது.

அடுத்த முறை போனபோது உச்சி மொட்டையாகக் கிடந்தது. சுவரின் கற்களை லாரியில் கொண்டுவந்து டீக்கடையை ஒட்டிக் கொட்டியிருந்தார்கள். கடைக்கார அம்மா இந்தத் தடவை சிரிக்கவில்லை. "எல்லாம் இங்கயே வந்துருச்சுங்க" என்று மட்டும் சொல்லி டீயை நீட்டினார்.

குவியலைப் படமெடுத்து அதிகாரிக்கு அனுப்பினேன். சிரிக்கும் பொம்மையோடு உடனே பதில் வந்தது.

"பாத்தீங்களா, இப்ப நம்ம புள்ளி சரியாயிடுச்சு."