சண்டைப் படம் எனக்குப் போதும்

நீ பொய் சொன்னாய். படத்தைப் பார்த்து நான் பயந்து கத்தினேன் என்று துறைமுகம் முழுக்கச் சொல்லித் திரிந்தாய். அன்று படமாளிகைக் கலரியில் என் பக்கத்தில் தோள் முட்ட இருந்தவன் நீ. நடந்தது முழுவதும் உனக்குத் தெரியும். பாதியைச் சொன்னாய், மற்றப் பாதியை விழுங்கிவிட்டாய்.

வாசிக்கிறவர்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காக, உனக்குத் தெரிந்ததையும் எழுதுகிறேன். நீ விஞ்சுக்காரன், கப்பலில் சுமை தூக்கி இறக்கும் பொறியை இயக்குகிறவன். நான் உனக்குக் கைகாட்டுகிறவன். கப்பலின் மேல்தட்டில் விஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்குக் கீழே கிடங்குக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. கிடங்கு வாயில் நின்று குனிந்து பார்த்துக் கையால் சொல்ல ஒருவன் வேண்டும். உள்ளங்கை கீழே பார்த்தால் இறக்கு. மேலே பார்த்தால் தூக்கு. இரண்டு கையும் தலைக்கு மேலே குறுக்காகப் போனால் அந்த இடத்திலேயே நிறுத்து. இருபது வருடம் நான் காட்டினேன், நீ செய்தாய். எங்கள் கையில் ஓர் ஆள்கூடச் சாகவில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

இளம் வயதில் எனக்குச் சண்டைப் படம் என்றால் பைத்தியம். படம் மாறுகிற கிழமையே மெட்டினிக்குப் போய்விடுவோம். பாட்டு வந்தால் எழுந்து வெளியே போய் பீடி பற்றவைப்பேன், அடிபிடி தொடங்கும் சத்தம் கேட்டால் உள்ளே ஓடுவேன். அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் துறைமுக ஜெட்டியில் வைத்து அந்தச் சண்டையை அப்படியே செய்து காட்டுவேன். நீதான் வில்லன். சாக்குக் குவியலில் விழுந்து எழும்புவாய். ஒரு முறை உண்மையாகவே உன் பல்லில் பட்டுவிட்டது. அதற்கும் சிரித்தோம்.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தபசு காலம் வந்தால்தான் எனக்குக் கஷ்டம். எங்கள் வீட்டில் அந்த நாற்பது நாளும் இறைச்சி இல்லை, படமும் இல்லை. இறைச்சியை விடுவது எனக்குப் பெரிய காரியமாகத் தெரிந்ததில்லை. உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து, வீட்டில் சாப்பிட்டு, அன்று மெட்டினிக்கே போய் நிற்பேன்.

நாற்பது தாண்டிய பிறகு இது மாறியது. ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆட்கள் ஒரு காரணம் வேண்டும் என்கிறார்கள். காரணம் ஒன்றும் இல்லை, வயது போனது. முன்பு அடிக்கிறவனைப் பார்த்துக்கொண்டிருந்த கண், அடிவாங்கி மூலையில் விழுந்து கிடப்பவனைப் பார்க்கத் தொடங்கியது. ஒரு அரிசி மூட்டை பாதத்தில் விழுந்தாலே ஒரு மனிதன் மூன்று மாதம் நொண்டுகிறான். நாங்கள் கண்டிருக்கிறோம். படத்தில் கதாநாயகன் ஒரே மூச்சில் பத்துப் பேரின் எலும்பை முறித்துவிட்டுப் பாட்டுப் பாடப் போகிறான். அந்தப் பத்துப் பேரையும் யார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது? எனக்கு அந்த யோசனைதான் வந்தது. எழுந்து வெளியே போனேன்.

வாசலில் கச்சான் கடலை விற்கிற பெண் என்னைப் பல வருடமாகக் கண்டவள்.

"என்ன அண்ணை, முந்திப் பாட்டுக்கெல்லோ வெளிய வாறனீங்கள். இப்ப சண்டைக்கு வாறீங்கள்?"

"உள்ளுக்கு வெக்கை."

"பாட்டு வரேக்க வெக்கை இல்லையோ?"

ஒரு சுருள் கச்சான் வாங்கினேன்.

அந்த வருடம் தபசு காலம் வந்தது, போனது. உயிர்த்த ஞாயிறும் போனது. ஒரு கிழமை கழித்து மனைவி சமைத்தபடி குசினிக்குள் இருந்து கேட்டாள்.

"என்னப்பா, படத்துக்குப் போகேல்லையோ? காய்ச்சல் கீச்சலோ?"

அப்போதுதான் எனக்கே நினைவு வந்தது. போக மறந்திருந்தேன். கதிரையில் இருந்தபடி அதை யோசித்துப் பார்த்தேன். கவலையாக இருக்கவில்லை. நாள் முழுக்க இறுக்கிய சப்பாத்தைக் கழற்றியதுபோல இருந்தது.

அங்கேயே விட்டிருக்க வேண்டும். விடவில்லை. உனக்காகத்தான் விடவில்லை. சண்டைக்காரன் என்று பெயர் எடுத்தவன், இனி ஏலாது என்று சொன்னால் நீ நக்கலடிப்பாய் என்று தெரியும். அதனால் நீ லிங்கநகரில் இருந்து சைக்கிளில் வந்து மணி அடித்தபோதெல்லாம் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தேன். சண்டை வந்தால் திரைக்குக் கீழே இருந்த கறுப்புச் சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ கவனிக்கவில்லை.

பிறகு அந்தப் படம் வந்தது. பெயர் வேண்டாம். கடைசிச் சண்டை ஒரு துறைமுகத்தில். வில்லனுடைய ஆள் ஒருவன் விஞ்சை இயக்குகிறான். பெட்டிகளைக் கட்டிய கம்பிக் கயிறு ஆடுகிறது. கீழே ஒருவன் மேலே பார்க்காமல் நிற்கிறான். கீழே ஆள் நின்றால் அன்றும் இன்றும் எனக்கு ஒரே ஒரு வேலைதான். எழுந்தேன். இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்காகப் பிடித்தேன். கிடங்கு வாயில் கத்துகிற அதே சத்தத்தில், "நிப்பாட்டு" என்றேன்.

என் கை நிழல் திரை முழுக்க விழுந்தது. மேலே படம் ஓட்டுகிற ஒப்பரேட்டர் என்ன நினைத்தானோ, நெருப்புப் பிடித்தது என்று நினைத்திருப்பான், படத்தை நிறுத்திவிட்டான். விளக்குகள் எரிந்தன. பின்னால் இருந்து விசில், ஏச்சு. மனேச்சர் ஓடிவந்தார்.

"என்ன அண்ணை, ஆருக்கு என்ன?"

"கீழ ஆள் நிக்குது," என்றேன்.

மண்டபமே சிரித்தது. "கீழ நாங்களும்தான் இருக்கிறம், மாமா, எங்களையும் தூக்கி விடுங்கோ," என்று பல்கனியைக் காட்டிக்கொண்டு ஒருவன் கத்தினான். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது?

இதுவரைதான் நீ ஊருக்குச் சொன்னாய். சொல்லாததை நான் சொல்கிறேன். என் கை மேலே போன அதே நொடியில் உன் வலது கை விசையைப் பின்னுக்கு இழுத்தது. உன் முழங்கை பக்கத்தில் இருந்தவனின் கச்சான் சுருளைத் தட்டி, கச்சான் எங்கும் சிதறியது. உன் இடது கால் முன்னால் இருந்த வாங்குப் பலகையை மிதித்த மிதியில் அதில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிரேக்கை மிதித்தாய். படமாளிகைக்குள், என் கையைப் பார்த்து, இல்லாத விஞ்சை நிறுத்தினாய். விளக்கு எரிந்தபோது உன் கை இழுத்த இடத்திலேயே நின்றது. நான் பார்த்தேன். நான் பார்த்ததை நீயும் பார்த்தாய்.

அடுத்த நாள் கங்காணி என்னைக் கூப்பிட்டார்.

"படத்துக்கே பயந்து கத்துறாய் எண்டு கேள்விப்பட்டன். கிடங்கு வாயில வச்சிருக்கேலுமோ உன்னை?"

"ஆர் சொன்னது?"

"ஆர் சொன்னாலென்ன. கீழ இறங்கி மூட்டை கட்டு."

நீ விஞ்சடியில் நின்றாய். உன் காதில் விழுந்தது. எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாய். நான்கு நாள் கிடங்குக்குள் மூட்டை கட்டினேன். எனக்குப் பதிலாக நின்றவன் காட்டிய கைக்கு நீ தடுமாறினாய். நான்காம் நாள் சுமை போய்க் கிடங்கு விளிம்பில் இடித்து மூட்டைகள் உடைந்தன. கீழே அரிசி மழை. நல்ல காலம், ஆள் தப்பியது. கங்காணி என்னை மேலே ஏறச் சொன்னார். நீ "வா, மச்சான்" என்றாய். அவ்வளவுதான்.

வேலை திரும்பக் கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பிறகு நான் சண்டைப் படத்துக்குப் போகவில்லை. ஊரே அறிந்த பிறகு மறைக்க என்ன இருக்கிறது? நீ மணி அடித்தால் "வரேல்ல" என்று உள்ளே இருந்தே சொல்லப் பழகினேன். அந்தச் சொல் வாயில் வந்த முதல் நாள் பகல் முழுக்க நன்றாக நித்திரை கொண்டேன். இப்போது மனைவியோடு குடும்பப் படங்களுக்குப் போகிறேன். முதல் தடவை ஒரு பாட்டை முழுதாகப் பார்த்துவிட்டு நன்றாயிருக்கிறது என்றேன்.

"இத்தினை வருசம் படத்தில பாட்டும் இருக்கெண்டு உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?" என்றாள்.

அழுகிற இடத்தில் அழுகிறேன். என் கை மடியில் கிடக்கிறது. ஒருவரையும் காப்பாற்ற வேண்டியதில்லை. இந்த நிம்மதியை எந்தச் சண்டையும் எனக்குத் தந்ததில்லை.

இதோடு விட்டிருப்பேன். நான் ஓய்வுபெற்று எனக்குப் பிரியாவிடை வைத்த அன்று நீ எழுந்து நின்று, என் மகளும் மருமகனும் முன்வாங்கில் இருக்க, கையைத் தலைக்கு மேலே தூக்கி, நான் கத்தியதைச் செய்து காட்டினாய். எல்லாரும் சிரித்தார்கள். மருமகன் தலையைக் குனிந்தான். என் இருபது வருடமும் அந்த ஒரு கத்தலாகப் போய்விட்டது.

சண்டைப் படம் பார்க்க ஏலாது என்பதை நானே சொல்கிறேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை. கைகாட்ட ஏலாதவன் என்பதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதை மறுக்க ஊரில் ஒரே சாட்சி நீ. வருகிற துறைமுகத் தொழிலாளர் சங்கக் கூட்டத்துக்கு நான் வருவேன். மகளையும் மருமகனையும் கூட்டிவருவேன். கங்காணியும் வருவார். எல்லாருக்கும் கேட்க எழுந்து நின்று சொல்: அன்று நான் கையைத் தூக்கியபோது நீ ஏன் நிறுத்தினாய்?