முழங்கால் ஆழ மண்

பானுட் தன் பட்டறையில் சரிந்து விழுந்த செய்தி பிற்பகல் மூன்று இருபதுக்கு வந்தது. சலவைக் கடையில் யாருடைய சட்டைக்கோ இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள் தங்கை வெனிங். அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அண்ணனுக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

செமாராங் நகரில் இறைச்சி உருண்டை சூப் விற்கும் பக்சோ வண்டிகளில் பாதிக்குக் கண்ணாடிப் பெட்டி செய்தவன் அவன். ஆசைப்பட்டுச் செய்தது ஒன்றே ஒன்று: தான் வளர்த்த நீருடும்புக்கான கூண்டு. பெண் உடும்பு. பெண் குழந்தையைக் கூப்பிடுவதுபோல் அதைக் ‘கெண்டுக்’ என்றுதான் கூப்பிடுவான். அது சினையாகியிருந்தது. கூண்டில் வெயில் விளக்கு ஒருபுறம், முங்கிக் கிடக்கத் தொட்டி மறுபுறம், அடியில் முழங்கால் ஆழத்துக்கு ஈரமண் என்று மூன்று மாதமாக வரைந்து வரைந்து அழித்தான். மண்ணைத் தானே சலித்துப் பதினோரு மூட்டை கட்டி வாசலில் அடுக்கினான்.

சந்துத் தலைவர் பாக் கர்யாடி போகிறபோதெல்லாம் சீண்டுவார். “என்னப்பா, உடும்புக்கு மெத்தை போடுறியா?”

“மெத்தை இல்ல பாக், பிரசவ அறை. உங்களுக்கும் ஒண்ணு வேணுமா?”

அடக்கம் முடிந்து ஏழு நாளும் மாலையில் துவா ஓத ஆட்கள் வரவேண்டும். மழை கொட்டி வாசல் சேறாகிக் கிடந்தது. பந்தல் போட வந்த கர்யாடி கேட்டார்:

“வெனிங், இந்த மண்ணு எதுக்காவது வேணுமாம்மா? சேத்துல கொட்டிரலாமா?”

முகத்தை மூடி உட்கார்ந்திருந்தவள், “எடுத்துக்கங்க பாக்” என்றாள்.

அவ்வளவுதான். ஏழு நாளும் அந்த மண்மேல் செருப்புகள் நடந்தன. எல்லோரும் அவனை நல்லவன் என்றார்கள், சோறு நன்றாக இருந்தது என்றார்கள், போனார்கள்.

கூண்டு முடியும்வரை அண்ணன் விட்டிருந்த பின்பக்கக் குளியலறையில் கெண்டுக் சிமெண்டுத் தரையைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. பசி என்று நினைத்துக் கோழிக் கழுத்து வைத்தாள். தொடவில்லை. நகங்களில் ரத்தம். எட்டாம் நாள் கூண்டுப் பலகையில் அண்ணனின் பென்சில் எழுத்தைப் பார்த்தாள்: ‘மண் குறைந்தால் முட்டை இடாது. உள்ளேயே தங்கிச் செத்துவிடும்.’

மண்வெட்டியோடு வாசலுக்கு ஓடினாள். மிதிபட்டு இறுகிய மண்ணில் சரளையும் நசுங்கிய பிளாஸ்டிக் தண்ணீர்க் கோப்பைகளும்தான் வந்தன.

“அட, மண்ணுக்கா அழற?” என்றார் கர்யாடி. “சொல்லியிருந்தா தொட்டிருப்பமா? நீதானே எடுத்துக்கச் சொன்னே.”

அவள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

ஆற்றோரம் போய்க் கிடைத்த மண்ணைச் சுமந்து வந்து கூண்டில் கொட்டினாள். கணுக்கால் அளவுக்குத்தான் தேறியது. கெண்டுக் தோண்டியது, பலகை தட்டியதும் நிறுத்தியது, மறுபடி தோண்டியது. பத்தொன்பதாம் நாள் அசைவு நின்றது. வயிறு அப்படியே கனத்திருந்தது.

கூண்டு வாசலோரம் நிற்கிறது. இடப்பக்கக் கதவின் மேல்கீலுக்கு நான்கு திருகாணிகள் வேண்டும், அண்ணன் இரண்டைத்தான் முடுக்கியிருக்கிறான்.