ஸல்ஹாவும் தம்பியின் வாக்குமூலமும்

கிண்ணியாத் துறையில் இடியப்பம் விற்ற ஸல்ஹாவிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. பொலிஸ்காரரே தள்ளி நின்றுதான் வாங்குவார்கள். 1979இல் அவள் தம்பி ஹிஸ்புல்லாவை வெளிநாட்டுக்கு ஒப்படைப்பதா என்று நீதிபதி முன் கோட்டில் விசாரணை வந்தபோதுதான் அந்த வாய்க்கே உண்மையான வேலை வந்தது.

ஹிஸ்புல்லாவுக்கு வயது முப்பத்தைந்து. புத்தி ஏழோடு நின்றுவிட்டது. துறையில் ஆட்களை அக்கரைக்கு ஏற்றும் பாதை என்ற மிதவையில் பதினாறு வருடம் கயிறு அவிழ்த்தவன். பாதை ஓட்டிய பக்கீர், துறைக்கே காக்கா, அதாவது அண்ணன், ஒவ்வொரு தடவையும் "ஆர் கயிறு அவிட்டது?" என்று கத்துவார். "நான்தான்!" என்று பதில் வந்தால்தான் மிதவை நகரும். துறை வழக்கம் அது. போகப்போக, எவர் "ஆர்?" என்று உரத்துக் கேட்டாலும் ஹிஸ்புல்லாவிடமிருந்து "நான்தான்" வந்து விழும். பால்சட்டியைக் கவிழ்த்த பூனை மீசையை நக்கிக்கொண்டிருக்கும். பழியை ஏற்க இவன் நிற்பான்!

பிறகு ஒரு தரகன், நாசமாய்ப் போனவன், ஆசை காட்டிக் கப்பல் குசினியில் சமையல் எடுபிடியாக இவனைச் சேர்த்துவிட்டான். முதல் பயணத்திலேயே அந்நியத் துறைமுகமொன்றில் பண்டகசாலை எரிந்து காவலாளி ஒருவர் இறந்தார். "ஆர் நெருப்பு வைச்சது?" என்று அந்த ஊர்ப் பொலிஸ் கேட்டதைக் கூட வேலை செய்த ஒருவன் தமிழில் திருப்பிக் கேட்டான். இவன் என்ன சொல்லியிருப்பான் என்று சொல்லவும் வேண்டுமா? பொலிஸ் பிடியாணையோடு திரும்பி வருமுன் கப்பல் அன்றே புறப்பட்டதால் ஆள் ஊர் வந்து சேர்ந்தான். ஒப்படைக்கச் சொல்லிக் கடதாசி பின்னால் வந்தது.

"வைத்தியர்ர கடதாசி இருக்கு, தங்கச்சி. எண்டாலும் தன்ர வாயாலயே ஒப்புக்கொண்டிட்டானே," என்று தம்பிக்காக வாதாடிய அப்புக்காத்து சிவகுருநாதன் கையை விரித்தார்.

"வேற சாட்சி இருக்கா ஐயா?"

"இல்லை. அந்த ஒரு சொல்லுத்தான்."

"அப்ப அந்தச் சொல்ல நான் உடைக்கிறன். பக்கீர் காக்காவச் சாட்சிக்கு ஏத்துங்க."

பக்கீர் சாட்சிக் கூண்டில் ஏறினார். துறையில் கத்துவதைப் போலவே கத்தினார்.

"நான்தான், காக்கா!" என்று ஹிஸ்புல்லா நின்ற எதிரிக் கூண்டிலிருந்து சந்தோஷமாகப் பதில் வந்தது. கோட்டில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள்.

"பழகிய குரலுக்குச் சொல்கிறான்," என்றார் அரச வக்கீல்.

நீதிபதி எல்லாரும் பார்க்கத் தன் மேசையிலிருந்த மைப்போத்தலைத் தானே தட்டிவிட்டார். "ஆர் இதைக் கவிழ்த்தது?"

"நான்தான், ஐயா."

"உன்னைக் கப்பலில் ஏற்றித் தூரதேசத்துக்கு அனுப்பினால் என்ன செய்வாய்?"

"கயிறு அவிட்டுத் தருவன்."

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. தன்மேல் என்ன குற்றம் என்றே விளங்காதவனை இந்த ஒரு சொல்லை நம்பி எந்த நாட்டுக்கும் ஒப்படைக்க முடியாது என்று நீதிபதி தீர்ப்பெழுதினார்.

அன்று பின்னேரம் வீடு திரும்பப் பாதையில் ஏறினார்கள். ஹிஸ்புல்லா கயிற்றை அவிழ்த்துவிட்டுக் காத்து நின்றான். பக்கீர் வழக்கமான கேள்வியைக் கேட்காமல் தலைகுனிந்து நின்றார்.

"கேளுங்க, காக்கா," என்றாள் ஸல்ஹா.

"வேணாம் புள்ள. என்ட கேள்விதானே அவனக் கூண்டில ஏத்தினது."

"ஒங்கட கேள்விக்கு அவன் ஒருநாளும் பொய் சொன்னதில்ல. கேளுங்க!"

பக்கீர் தலையை நிமிர்த்தி, "ஆர் கயிறு அவிட்டது?" என்று கத்தினார்.

"நான்தான்!"

பாதை நகர்ந்தது. கடதாசி வந்த நாளிலிருந்து ஆறு மாதமாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத ஸல்ஹா, துறை முழுக்கப் பார்க்க வாய்விட்டு அழுதாள்.