இடுப்பில் சுற்றிய டியூப்

புத்தி என்று ஒன்று எனக்கு இருந்திருந்தால், சைக்கிள் டியூபில் மணலை அடைத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு, பொழுது சாயும் நேரத்தில் எல்லைப் பக்கம் ஓடியிருக்க மாட்டேன். அந்த நேரத்தில் அந்த ரோட்டில் இடுப்பு பருத்து ஓடுகிறவன் யாரென்று நெடுங்காட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். அப்போது தமிழ்நாட்டில் மதுவிலக்கு. புதுச்சேரியைச் சேர்ந்த எங்கள் காரைக்கால் பக்கம் சாராயக்கடை திறந்தே கிடக்கும். சரக்கை டியூபில் ஊற்றி, இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டி, சட்டைக்குள் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவார்கள்.

எனக்கு வேண்டியதோ போலீஸ் வேலை. மூன்று நாளில் காரைக்காலில் ஆளெடுப்பு. வயது வரம்பு அந்த வருடத்தோடு சரி. இதை விட்டால் ஆயுசுக்கும் எங்கள் போலீஸ்காரர்களின் சிவப்புத் தொப்பி கிடையாது. உடம்போ துணி காயப்போட்ட மூங்கில் மாதிரி. பாரம் கட்டி ஓடிப் பழகினால் அன்றைக்குப் பறந்துவிடலாம் என்று எனக்கு நானே வாத்தியாரானேன்.

முதல் நாள் நாய் துரத்தியது. இரண்டாம் நாள், மதகைத் தாண்டும்போது கருவேலம் புதரிலிருந்து மூன்று பேர் வந்தார்கள்.

"நில்லுடா."

நின்றேன். வணக்கம்கூட வைத்ததாக ஞாபகம்.

பதிலுக்குப் பனைமட்டை வந்தது. ஓரத்தில் ரம்பப் பல் மாதிரி நிற்கும் கருக்கு சீவாத மட்டை. முதல் அடியில் தோளிலிருந்து சட்டையும் தோலும் சேர்ந்து உரிந்தன. இரண்டாவது முதுகில். விழுந்த பிறகு எண்ணவில்லை, எனக்குக் கணக்கு எப்போதும் வராது. அவர்கள் ஆள் ஒருவன் முந்தின நாள் சரக்கோடு காணாமல் போயிருக்கிறான். மங்கின வெளிச்சத்தில் டியூப் கட்டின இடுப்பெல்லாம் ஒன்றுதானே.

"நேத்து சரக்க யாருக்குடா ஊத்துன?" என்றான் நெட்டையன்.

"நேத்து நாய்தாண்ணே தொரத்துச்சு."

அதற்கு வாயில் ஒன்று. பல் ஒன்று நாக்கில் உருண்டது. கிழிந்த பனியன் போட்டவன் என் சட்டையைப் பிய்த்து, கத்தியால் டியூபைக் கீறினான். முனை என் வயிற்றிலும் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனது. ரத்தமும் மணலுமாகத் தொடையில் வழிந்தது.

"மண்ணுண்ணே" என்றான் நெட்டையனிடம்.

"வித்துட்டு மண்ண அடச்சிருக்கான். நம்மகிட்டயே வேல காட்டுறான்."

தலையை வாய்க்காலுக்குள் அமுக்கினார்கள். மூச்சு முட்டி, சேற்றை விழுங்கி, கால் உதறியபோது மயிரைப் பிடித்துத் தூக்கினார்கள்.

"வாய ஊதுடா."

ஊதினேன். வயிற்றிலிருந்த வாய்க்கால் தண்ணீர் முழுக்கப் பனியன்காரன் முகத்தில். துடைத்துக்கொண்டு அவன் சொன்னான்:

"வாடை இல்லண்ணே. ஆளும் நம்மாளு இல்ல போலருக்கு."

நெட்டையன் குனிந்து பார்த்தான். "பின்ன எதுக்குடா மண்ணக் கட்டிக்கிட்டு ஓடுற?"

வேண்டுதல் என்று சொல்லியிருக்கலாம். கோயிலுக்கு என்றாலும் மாதாவுக்கு என்றாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டு விட்டிருப்பார்கள். என் வாய் உண்மையைச் சொல்ல அந்த நேரத்தைத்தான் தேர்ந்தெடுத்தது.

"போலீஸ்ல சேரப் போறேண்ணே."

நெட்டையன் நிதானமாக, "கால நீட்டிப் புடிங்கடா" என்றான். மட்டையின் அடிப்பக்கம் முழங்காலில் இறங்கியது. வலிக்கு முன்னால் சத்தம்தான் கேட்டது, காய்ந்த தேங்காயை உடைத்த மாதிரி.

"இப்ப சேரு."

டியூபை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒட்டுப் போட்டால் ஆகும் அல்லவா.

ஆளெடுப்புக்குப் போனேன். போகாதே என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். முழங்காலில் பத்துப் போட்டு, பேண்ட் நுழையாமல், அரைக்கால் சட்டையோடு நின்றேன். முதல் சுற்றை ஒற்றைக்காலில் நொண்டி முடித்தேன். இரண்டாவது சுற்றில் முழங்கால் மடங்கி, முகம் தரையில் தேய விழுந்தேன். எழுந்தேன், விழுந்தேன். விசில் வைத்திருந்த அதிகாரி பக்கத்தில் வந்து நின்றார்.

"கால்ல என்னய்யா?"

டியூபிலிருந்து தொடங்கி முழுக்கதையையும் சொன்னேன். சிரித்தால் மனசு இளகி இன்னொரு வாய்ப்புக் கொடுப்பார் என்று ஒரு நப்பாசை. "மூணு பேரு சார். நில்லுன்னாங்க, நின்னுட்டேன்" என்று முடித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. காகிதத்தில் என் பெயரின் குறுக்கே கோடு போட்டார்.

"ஓடியிருக்கணும்."