ஆரன் இல்லாத மலை ரோடு

போடியிலிருந்து மலை மேலே ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பு ஓட்டுகிறேன். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை என் மகள் லேப்டாப்பை என் பக்கம் நகர்த்தி, "ப்பா, நீ ஓட்டிக் குடு" என்றபோது, இது என்ன பெரிய வேலை என்றுதான் நினைத்தேன்.

லேப்டாப் மதுரையில் படிக்கும் என் மச்சினனுடையது. லீவுக்கு வந்தவன் அன்று சாயங்கால பஸ்சுக்குக் கிளம்ப வேண்டும். லேப்டாப்புக்குள் ராலி என்றொரு கார் பந்தய விளையாட்டு இருந்தது. ஒரு மலை ரோட்டைக் குறித்த நேரத்துக்குள் இறங்கி முடித்தால்தான் அடுத்த ரோடு திறக்கும். அது பனி ரோடு. எங்கள் மலையில் மூடுபனிதான் உண்டு. தரையில் குவிந்து கிடக்கும் பனியை என் மகள் பார்த்ததில்லை. அதில் ஒரு தடவையாவது ஓட்ட வேண்டும் என்று லீவு முழுக்க முயன்றாள். கார் பள்ளத்திலேயே போய் விழுந்தது. மாமா கிளம்பினால் பனியும் கிளம்பிவிடும்.

பொத்தான்களைக் காட்டித் தந்தாள். கார் புறப்பட்டது. முதல் வளைவு வந்ததும் சத்தம் கொடுக்க என் கை எதையோ தேடியது.

"ஆத்தா, ஆரன் எங்க?"

"ஆரன் எதுக்குப்பா? எதுக்க யாரும் வரமாட்டாக."

மலை ரோட்டில் எதிரே யாரும் வரமாட்டார்களா? எனக்கு அது பிடிபடவே இல்லை. அடுத்தது கொண்டை ஊசி வளைவு. எங்கள் ரோட்டில் இறங்குகிற வண்டி ஒதுங்கி நிற்கும், ஏறுகிற வண்டிதான் முதலில் போகும். நானும் பழக்கத்தில் ஓரங்கட்டி நின்றுவிட்டேன்.

மச்சினன் சட்டைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தவன் எட்டிப் பார்த்தான். "யாருக்கு மச்சான் வழி விடுறீக?"

"ஏறி வர்ற வண்டிக்கு மாப்ளே."

"நில்லுங்க, நில்லுங்க. டீ சாப்பிட்டுக் கூட வருவாக."

நேரம் முடிந்து போனது. மகள் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு தானே ஓட்டினாள். கார் மறுபடி உருண்டது. உருண்டதை விளையாட்டு திரும்பக் காட்டியபோதுதான் கவனித்தேன், கார் கண்ணாடிக்குள் இரண்டு தலைக்கவசம் தெரிந்தது.

"மாப்ளே, ஓட்டுறவரு ஒருத்தரு. பக்கத்துல இருக்கவருக்கு என்ன சோலி?"

"வளைவு சொல்றவரு மச்சான். இடதா வலதான்னு முன்கூட்டியே சொல்லுவாரு. கூட ஒரு நம்பரும் சொல்லுவாரு. நம்பர் சின்னதுன்னா வளைவு ஒடுக்கம்."

"எங்க, ஒண்ணும் சொல்லக் காணமே?"

மகள் மெல்லச் சொன்னாள். "அம்மா வையும்னு நான்தான் சத்தத்த நிப்பாட்டி வச்சேன்."

எனக்கு எங்கள் மூடுபனி நினைவு வந்தது. கண்ணாடிக்கு முன்னே ஒன்றும் தெரியாதபோது, முன்சீட்டில் ஓரமாக இருப்பவர் தலையை வெளியே நீட்டி, "கோடு இருக்கு, கோடு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வருவார். ரோட்டோர வெள்ளைக் கோட்டைச் சொல்கிறார். தோட்டத்துக்குப் போகிற யாராக இருந்தாலும் அந்த இடத்தில் உட்கார்ந்தால் அது அவர் சோலி. அந்தக் குரல் நின்றால் நான் வண்டியை நிறுத்திவிடுவேன்.

சத்தத்தைத் திறந்தாள். இங்கிலீஷில் ஒருவர் மளமளவென்று சொல்லிக்கொண்டு வந்தார். முதலில் அவளும் தடுமாறினாள். பிறகு வளைவு கண்ணில் படும் முன்பே காரைத் திருப்பத் தொடங்கினாள். பக்கத்தில் உட்கார்ந்து நான் தரையைக் காலால் அழுத்திக்கொண்டிருந்தேன், அங்கே பிரேக் இருப்பதுபோல.

முடித்துவிட்டாள். பனி ரோடு திறந்தது.

ரோடும் வெள்ளை, ஓரமும் வெள்ளை, கோடே இல்லை. இதில் அந்த மனிதர் எதைப் பார்த்துச் சொல்கிறார்? மகள் வாயைத் திறந்தபடி ஓட்டிக்கொண்டிருந்தாள். மச்சினன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"பஸ்சு போயிரும் மச்சான்."

"ஒரு வளைவு மாப்ளே" என்றேன். "நான் வெரசா ஜீப்புல கொண்டு விடுறேன்."

"நீங்களா? ஏறி வர்ற வண்டிக்கெல்லாம் நின்னு நின்னா?" என்றபடி, அவனும் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தான்.