மடிசாருக்கு மாலை நாலு மணியா?

போன வெள்ளிக்கிழமை காலை எங்கள் வீட்டு லேப்டாப் குளித்து முழுகி, புதுச்சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. திரையில் ஏதோ ஒரு மலை, ஏதோ ஒரு ஏரி. 'வாருங்கள்! எல்லாம் தயார்!' என்று வாசகம் வேறு.

எல்லாம் என்றால் எல்லாம் இல்லை. மெயில் திறக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். 'அப்டேட் செய்யட்டுமா?' என்று அது நாள்கணக்கில் கெஞ்சும். நாமும் 'பிறகு... பிறகு...' என்று தள்ளிக்கொண்டே இருப்போம். ஒருநாள் நாம் தூங்கும் நேரம் பார்த்து அதுவே முடிவெடுத்துவிடும். எழுந்து பார்த்தால் பழைய மெயில் ஆப்பைக் காணோம். அதே இடத்தில் புதிதாக ஒன்று வந்து உட்கார்ந்து, நம்மையே பார்த்து 'நீ யார்? பாஸ்வேர்டு சொல்' என்கிறது.

பாஸ்வேர்டு என்ன என்று செல்வியைக் கேட்டேன்.

"அது எனக்கெப்படிங்க தெரியும்? லேப்டாப்புக்குத்தான் தெரியும்."

நியாயம்தானே? அதை நம்பித்தானே நாம் எல்லாரும் மறந்தோம்?

செல்வி என் மனைவி. கல்யாணப் பெண்களுக்குப் புடவை கட்டிவிடுவது அவள் தொழில். முதல் நாளே கொசுவம் மடித்து, இஸ்திரி போட்டு, பின் குத்தி, பெட்டியில் அடுக்கிவிடுவாள். மறுநாள் மணப்பெண் நின்றால் போதும், மளமளவென்று வேலை முடிந்துவிடும். தி.நகரில் அவள் அப்பா வைத்திருந்த ஜவுளிக்கடையில், பேசத் தொடங்கும் முன்பே சேலை மடிக்கத் தொடங்கியவள். ஆம், அவளுக்கு அது சேலை. அவளைக் கூப்பிடுகிறவர்களுக்குப் புடவை. இதுவரை எந்தச் சண்டையும் இல்லை.

தென்காசிப் பக்கத்துக் குடும்பம் எங்களுடையது. சொந்தத்தில் ஒருத்தரும் மடிசார் கட்டியதில்லை. மைலாப்பூர் சிநேகிதி ஒருத்தியை நிற்கவைத்து, ஒன்பது கஜத்தைக் கட்டி அவிழ்த்து, கட்டி அவிழ்த்து... 'நான் என்ன ஜவுளிக்கடை பொம்மையாடி?' என்று அவள் அழுகிற வரைக்கும் விடாமல் செல்வி கற்றுக்கொண்டாள். இன்று மைலாப்பூரிலேயே மடிசாருக்கு இவளைத் தேடுகிறார்கள். எனக்குப் பெருமையா என்று கேட்கிறீர்களா? கேட்காவிட்டாலும் சொல்வேன்.

புக்கிங் பாதி அமெரிக்காவிலிருந்து வருகிறது. பெண் அங்கே, மண்டபம் இங்கே. எல்லாம் மெயிலில்தான். மெயிலைப் பார்த்துக் காலண்டரில் போட்டுவிட்டால் செல்விக்கு அதற்குப் பிறகு கவலையில்லை. ஃபோனில் மெயில் வைத்துக்கொள்வதில்லை. அங்கே பகலாக இருக்கும்போது இங்கே டிங் டிங் என்று எழுப்பிவிடுகிறார்களாம்.

சரி, மெயில்தான் போயிற்று, காலண்டர்? திறந்தோம். பளிச்சென்று திறந்தது. அந்த வார இறுதி முழுக்கக் கலர் கலராகக் கட்டங்கள். அப்பாடா என்றிருந்தது.

"நீங்க மெயிலைப் பாருங்க, நான் வேலையைப் பாக்கறேன்" என்று செல்வி போய்விட்டாள். நான் மெயிலோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தேன். 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?' என்றது. ஆமாம் என்றேன். 'உங்கள் எண்ணுக்கு ரகசியக் குறியீடு அனுப்பியிருக்கிறோம்' என்றது. எந்த எண்ணுக்கு? எப்போதோ தூக்கிப்போட்ட பழைய சிம்முக்கு!

செல்வியின் உதவியாளர் தேவி வந்தாள். கே.கே. நகரில் எங்கள் தெருவுக்குப் பின்தெரு அவள் வீடு. வாய்க்கு ஓய்வே கிடையாது.

"இன்னா சார், மொகம் ஒருமாரி கீது?"

"அப்டேட் ஆயிடுச்சு தேவி."

"அதுவா? நம்மகிட்ட இருக்கறத புடுங்கிக்கினு, புச்சா ஒண்ணக் குட்த்து, தேங்க்ஸும் சொல்ல வைப்பானுங்களே, அதானே?"

இதைவிடத் தெளிவாக எந்த இன்ஜினீயராவது சொல்லியிருக்கிறாரா?

மத்தியானம் இரண்டு பேரும் மைலாப்பூர் பெண் ஸ்ருதியின் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். செல்வி லேப்டாப்பை எட்டிப் பார்த்து, பெட்டி மேல் ஒட்டும் சீட்டில் எழுத நேரத்தை வாசித்தாள்.

"நாளைக்குக் காலைல நாலு மணி, நெட் சேலை, கல்லு வேலை. சாயந்தரம் நாலு மணி, மடிசார்."

"நாலு மணிக்காக்கா? அப்ப மூணுக்கே எங்க நைனாவ எழுப்பி பைக்க எடுக்கச் சொல்லணும். கொல வெறி ஆயிடுவாரு."

செல்வி மடிப்பதை நிறுத்தினாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"விடியறதுக்கு முன்னாடி நெட் சேலையைக் கட்டிக்கிட்டு அந்தப் பொண்ணு எங்க போகும்?"

"ஏர்போர்ட்டுக்கு?" என்றாள் தேவி.

"மடிசாரைக் கட்டிக்கிட்டு ரிசப்ஷன்ல நிக்குமா? என்னங்க... இங்க வாங்க. காலண்டரும் சரியில்ல."

நான் ஓடினேன். மூலையில் இருக்கிற கடிகாரம் சரியாகத்தான் காட்டியது. ஆனால் புதிய காலண்டரின் செட்டிங்ஸைத் தோண்டிப் பார்த்தால், அது மட்டும் அமெரிக்க மேற்குக் கரை நேரத்தில் இருக்கிறது! விசா இல்லாமல், டிக்கெட் இல்லாமல்... நம் நேரத்துக்குப் பன்னிரண்டரை மணி பின்னால்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? தப்பு தப்பாகவே தெரியவில்லை. நம் கல்யாணங்கள் எப்படி? முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் விடியலில் முகூர்த்தம். பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இழுத்தால் முகூர்த்தம் போய் ரிசப்ஷன் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது, ரிசப்ஷன் விடியற்காலைக்குப் போய்விடுகிறது. பார்க்கிறவனுக்கு ஒரு சந்தேகமும் வராது. சேலை தெரிந்தவளுக்குத்தான் வந்தது.

"சரி, பன்னிரண்டரையைக் கூட்டிக்க வேண்டியதுதானே?" என்றேன் உற்சாகமாக.

"எல்லாமே நகந்திருக்கா? நானே கைல போட்டது சிலது, அமெரிக்காவுலேர்ந்து அவங்க அனுப்பி வந்து உக்காந்தது சிலது. எது நகந்துச்சு, எது நகரலைன்னு சொல்லுங்க பாப்போம்."

தெரியவில்லை. மெயிலைப் பார்த்தால் தெரியும். மெயில் பழைய சிம்மில் இருக்கிறது.

"அப்ப ஸ்ருதியோட அம்மா, அந்த மாமிக்கு ஃபோன் பண்ணி, 'சும்மா கன்ஃபர்ம் பண்ணிக்கத்தான்'னு நைசா விசாரி."

செல்வி என்னைப் பார்த்தாள். அவள் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. இந்தத் தொழிலில் அவளிடம் இருப்பது பெயர் ஒன்றுதான். ஒரு முகூர்த்தத்துக்குப் பிந்தினால், மாப்பிள்ளை மேடையில், பெண் அறையில் அரைப் புடவையில் நின்றால், அந்தக் கதை ஒரே வாரத்தில் மாடவீதி நாலையும் சுற்றி வந்துவிடும். 'உங்கள் பெண்ணுக்கு எப்போது கல்யாணம்?' என்று பெண்ணின் அம்மாவிடமே கேட்டாலும் அதே கதிதான்.

கொஞ்ச நேரம் நெட் புடவையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு ஃபோனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாமி, செல்வி பேசறேன். நேத்து எங்க கம்ப்யூட்டர் அப்டேட் ஆனதுல நேரமெல்லாம் கலைஞ்சுபோச்சு. ஸ்ருதிக்கு நான் எப்போ வரணும்னு இப்ப எனக்கு உறுதியா தெரியல. ஊகிச்சுக்கிட்டு வர்றதுக்கு மனசு ஒப்பல. நீங்களே சொல்லிடுங்க."

தேவிகூட வாயை மூடிக்கொண்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"ஏம்மா செல்வி... நாளைக்கு ரிசப்ஷனை வெச்சுண்டு இன்னிக்கு இதைக் கேக்கறயே!"

"ஆமா மாமி. இன்னிக்கே கேட்டுடறேன்."

அப்புறம் மாமி சிரிக்கிற சத்தம்.

"செத்த இரு. பத்திரிகையை எடுத்துண்டு வரேன். ஒரு மாசமா எங்காத்துல இருக்கற அமளில என் ஞாபகத்தையே நான் நம்பறதில்லை."

வாசித்தார். நாளை மாலை ரிசப்ஷன். ஞாயிறு காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முகூர்த்தம். "நாலரைக்கெல்லாம் மண்டபத்துல இரு, தெரியறதா?"

தெரிந்தது. செல்வி அதோடு நிறுத்தவில்லை. அந்த வாரத்து மற்றவர்களையும் அதே மாதிரி, ஒரு வார்த்தை மாற்றாமல் கூப்பிட்டாள். சாந்தோம் பெண்ணின் அம்மா, பள்ளிக்கூட டீச்சர், "குட். டவுட் இருந்தா கேட்டுடணும்" என்று மார்க்கே போட்டுவிட்டார்.

ஒன்று யோசித்துப் பார்த்தேன். அந்த மெஷின் தப்பான நேரத்தை எத்தனை தைரியமாகக் காட்டியது! கலர் கட்டம், அழகான எழுத்து, துளித் தயக்கம் இல்லை. 'எனக்கு உறுதியாகத் தெரியவில்லை' என்று சொல்ல இன்னும் எந்த அப்டேட்டும் அதற்குக் கற்றுத்தரவில்லை. நம்மில் எத்தனை பேருக்கு அது வருகிறது? நான் 'நைசா விசாரி' என்றவன். என்னைக் கேட்காதீர்கள்.

ஞாயிறு விடியலில் மண்டபத்தில் செல்வியை இறக்கிவிட்டு, காபி கிடைக்குமா என்று நானும் உள்ளே போனேன். காபி கிடைத்தது. சற்று நேரத்தில் ஸ்ருதி மடிசாரில் வெளியே வந்தாள். ஒன்பது கஜமும் ஒரு சுருக்கம் இல்லாமல், அவள் நடக்கிற நடைக்கு வளைந்து கொடுத்தது. எல்லாரும் பெண்ணின் முகத்தைப் பார்த்தார்கள். செல்வி கொசுவத்தையே பார்த்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

மாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சுற்றி நின்ற சொந்தக்காரர்களிடம் சொன்னார்: "இவதான் செல்வி. எப்போ வரணும்னு தெரியலைன்னு வாயைத் திறந்து கேட்டவ இவ ஒருத்திதான். பூக்காரன் கேக்கலை பாருங்கோ, இன்னும் மாலை வந்து சேரலை!"

பக்கத்தில் நின்ற பெரியவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க? எங்கேயோ பாத்தாப்ல இருக்கே..."

வாராவாரம் இந்தக் கட்டுரையின் தலையில் என் படம் வருகிறது. அதைச் சொல்லியிருக்கலாம்.

"செல்வியோட வீட்டுக்காரர்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே.