வசனமில்லாச் சாட்சி

சென்ற ஆண்டு கல்முனையில் மேடையேறிய நாடகமொன்றில் சிறு வேடமேற்ற ஒருவர்; சுவரொட்டியில் அவர் பெயர் இடம்பெறவில்லை. ஆதலால் இதனை எழுதிவைக்கிறேன். மெலிந்த உருவம்; தொப்பியை அடிக்கடி தொட்டுப்பார்க்கும் வழக்கம். நிக்காஹ் காட்சியில் அவர் சாட்சி, வசனம் கிடையாது. சீதன வீடு வேண்டாமென்று மாப்பிள்ளையான கதாநாயகன் நெடிதாக முழங்கியபோது, அவர் மெல்ல நிமிர்ந்து, எல்லோரும் அமர்ந்திருந்த அதே சீதன வீட்டின் கூரையைப் பார்த்தார். பின்னர் மாப்பிள்ளையைப் பார்த்தார். சபை சிரிப்பில் அதிர்ந்தது.

ஒப்பனையறையில் என் முன்னிலையிலேயே நெறியாளர், அண்ணன் முறையில் அவரைக் 'காக்கா' என்று விளித்துச் சீறினார்: "காக்கா, சும்மா இரிக்கச் சொன்னன்தானே! நாளைக்கு வேற ஆளப் போடுறன்."

அவர் தொப்பியைத் தொட்டார். "போடுங்க தம்பி. ஆனா சாட்சிக்கு வந்தவன் காது குடுக்காம எப்பிடி இரிக்கிற?"

மறுநாள் வேறொருவர் அசையாது அமர்ந்திருந்தார். முழக்கத்தின் நடுவே பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது: "நேத்து வந்த சாட்சி எங்க?"

கதாநாயகனின் உரையை ஒரு வரியில் அடக்கிவிட்டேன். முழுவதும் நினைவிலுள்ளோர் எவரேனும் இருப்பின் திருத்தியருள்க.